இடது கைக்காரன்

எங்கள் லாமர் கிரீக்கில் யாரும் டால்டனை நலம் விசாரித்ததில்லை. அவன் கையைத்தான் விசாரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில், தீவனக் கடையில், பெட்ரோல் போடும் இடத்தில், எங்கே அவன் அம்மா நெல்டாவைக் கண்டாலும் ஒரே கேள்விதான்.

"கை எப்படி இருக்கு?"

"தோள்லதான் தொங்குது," என்பாள் நெல்டா. சிரிக்காமல் சொல்வாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டு, "பத்திரமாப் பாத்துக்கம்மா, அது ஊர்ச் சொத்து" என்று சொல்லிப் போவார்கள்.

நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். பிள்ளைகளை ஏற்றி இறக்குவது போக, பேஸ்பால் அணியை வெளியூர் ஆட்டங்களுக்குக் கூட்டிப் போவதும் என் வேலை. டாக்கெட் குடும்பம் எனக்கு எதிர்வீடு. சாலைக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய ஆறு கோழிக் கொட்டகைகள் ரயில் பெட்டிகளைப் போல நீளமாகக் கிடக்கும். காற்று தெற்கிலிருந்து அடித்தால் என் காபியிலும் அந்த நெடி ஏறும். குடியேறிய புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பிறகு அந்த நெடி இல்லாத ஊரில் இறங்கினால்தான் ஏதோ குறைகிறாற்போல் இருந்தது.

கோழி அவர்களுடையது அல்ல. கம்பெனி குஞ்சு கொண்டுவந்து இறக்கும், தீவனமும் கம்பெனியே கொடுக்கும், வளர்ந்ததும் அள்ளிக்கொண்டு போகும். கொட்டகையும் கடனும் செத்த கோழியும் மட்டும் டாக்கெட்டுக்கு. வெர்லன் டாக்கெட் விடிந்ததும் வாளியோடு உள்ளே போய், செத்ததைப் பொறுக்கி, நொண்டுவதைக் கழுத்தை முறித்துப் போட்டு, காற்றாடிகளைச் சரிபார்த்து வெளியே வரும்போது கண் இரண்டும் சிவந்திருக்கும். கோழி எச்சத்தின் அம்மோனியா. நாற்பத்தைந்து வயதிலேயே அறுபது வயதுக்காரனைப் போல இருமுவான். பேச்சு குறைவு. மகனைப் பற்றி மட்டும் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பச் சொல்வான்.

"அவன் இந்தக் கொட்டாய்க்குள்ள வரக் கூடாது மிஸ் ஓரா. அவ்வளவுதான். வேற எதுவும் எனக்கு வேணாம்."

டால்டன் சின்ன வயதில் சோகையாக, காது மட்டும் பெரிதாக இருந்த பிள்ளை. பதினைந்து வயதில் வேலிக்கம்பு மாதிரி விறுவிறுவென்று வளர்ந்தான். ஆறடி மூன்று அங்குலம். இடது கைக்காரன். வீசுகிறவன் நிற்கும் மண்மேட்டில் ஏறி நின்று அவன் பந்தை வீசினால், எதிரே குந்தியிருக்கும் கேட்சரின் கையுறையில் அது விழும் சத்தம் பேருந்துக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்கும். பலகை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தவன் கிப் மார்லர். கோடைக்கால அணி ஒன்று நடத்துகிறவன். பள்ளி அணிக்கு வெளியே பையன்களைச் சேர்த்து ஊர் ஊராகக் கூட்டிப் போய், பல்கலைக்கழகக் கோச்சுகளின் கண்ணில் காட்டுவது அவன் தொழில். வெள்ளைப் பற்கள், வெள்ளை வண்டி, வெயிலில் பழுத்த கழுத்து. எல்லாப் பையன்களையும் "மகனே" என்பான். பேர் நினைவில்லாததால்தான் அப்படிக் கூப்பிடுகிறான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அவன் வழியாக வந்தவர் கோச் பெவல். பெரிய பல்கலைக்கழகம். ஒரு அக்டோபர் மாலை நெல்டாவின் சமையலறை மேசையில் உட்கார்ந்து பீக்கன் கொட்டை வைத்துச் சுட்ட இனிப்புப் பை இரண்டு துண்டு சாப்பிட்டார். உதவிக்கு நானும் அங்கே இருந்தேன். நல்ல மனுஷனைப் போலத்தான் பேசினார். சாப்பிட்டு முடித்ததும் டால்டனை எழுந்து நிற்கச் சொன்னார். தோளை அழுத்திப் பார்த்தார். உள்ளங்கையை விரிக்கச் சொல்லி விரல் நீளம் பார்த்தார். பிறகு வெர்லனிடம், "உங்கப்பா எவ்வளவு உயரம்?" என்றார்.

நான் சந்தைக்குப் போயிருக்கிறேன். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்கூட பை சாப்பிட்டுவிட்டு அதைச் செய்வதில்லை.

"இனிமே நீ எங்க குடும்பம், டால்டன்," என்றார் பெவல். "உனக்கு ஒரு இடம் வச்சிருக்கேன். முழுப் படிப்பும் எங்க பொறுப்பு. வாக்குன்னா வாக்குதான்."

கையெழுத்து அடுத்த வருஷம் நவம்பரில்தான் போட முடியும். அதுவரை வாய்ச்சொல். வெர்லன் அவர் கையைக் குலுக்கும்போது அவன் கண்ணில் தண்ணீர். அன்று அவன் கொட்டகைக்குள் போகவேயில்லை.

*

அடுத்த வசந்தத்தில் எல்லாம் புரண்டது. மார்ச் முழுக்க மழை. ஆட்டம் நிற்பதும் தொடங்குவதுமாக இருந்தது. முதல் ஆட்டத்தில் டால்டன் வீசிய பந்து எதிராளியின் முதுகில் பட்டது. அடுத்தது கேட்சரின் தலைக்கு மேல் போய் வேலியில் மோதியது. அப்புறம் குறி தவறித் தவறி, நாலு பேரை வரிசையாக, அடிக்காமலே சும்மா முதல் தளத்துக்கு நடக்க விட்டான். போன வருஷம் கண்ணை மூடிக்கொண்டு வீசிய பையன், இந்த வருஷம் கண்ணைத் திறந்து பார்த்தாலும் குறி வைக்க வேண்டிய தரைப் பலகை எங்கே என்று தெரியாதவன் போல நின்றான்.

ஊர் இருக்கிறதே, அது ஒரு மாதத்தில் திரும்பிக்கொண்டது. "ஊர்ச் சொத்து" என்றவர்கள் வேலிக்குப் பின்னால் நின்று, "கோழிக்குத் தீவனம் எறியிற மாதிரி எறியிறான்டா" என்றார்கள். நெல்டா அவர்களுக்கு முன்வரிசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை திரும்பி, "நல்லாத்தானே எறியிறான். உனக்குப் பசிச்சா சொல்லு, இந்தப் பக்கம் ரெண்டு எறியச் சொல்றேன்" என்றாள். அதன் பிறகு அவள் காதுபடப் பேசுவதை நிறுத்தினார்கள்.

ஆட்டம் முடிந்து வரும்போது டால்டன் பேருந்தில் என் பின்னால் உள்ள முதல் இருக்கையில் உட்காருவான். மற்ற பையன்கள் பின்னால் கத்திக்கொண்டிருப்பார்கள்.

"மிஸ் ஓரா, நீங்க வண்டி ஓட்டும்போது கால எப்படி வைக்கணும்னு யோசிப்பீங்களா?"

"யோசிச்சா பள்ளத்துலதான் போய் நிக்கும்."

"எனக்கு அதான் ஆகுது. கை எங்க போகுதுன்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டேன். யோசிக்காம இருக்கணும்னும் யோசிக்கிறேன்."

"கொஞ்ச நாள் விட்டுடு தம்பி. மீன் பிடிக்கப் போ."

"கிப் சொல்றாரு, இன்னும் நிறைய வீசணுமாம். பெவல் கோச்சு போன் பண்றது கொறஞ்சிடுச்சு. முன்னாடி ஜோக்கெல்லாம் சொல்லுவாரு. இப்ப வேகம் எவ்வளவுன்னு மட்டும் கேக்குறாரு."

அதனால் பள்ளியில் வீசியதும் போதாமல், கொட்டகைக்குப் பின்னால் மெத்தை ஒன்றைச் சாய்த்து வைத்து, மாலையெல்லாம் வீசினான். வெர்லன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். என் வாசலில் உட்கார்ந்தால் எனக்கு அந்தத் தொப்பு தொப்பு கேட்கும். ஒரு கட்டத்தில் சத்தம் தளர்ந்தது. அப்புறம் ஒவ்வொரு பந்துக்கும் நடுவே நேரம் அதிகமானது.

வலியைக் கண்டுபிடித்தவள் நெல்டாதான். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவரைக்காயும் மக்காச்சோள ரொட்டியும் வைத்தாள். டால்டன் வலது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டான். பாதி தட்டில், பாதி சட்டையில்.

"ஏண்டா, எந்தக் கையால திங்கற?"

"சும்மாதாம்மா. ரெண்டு கையும் பழகணும்னு கோச்சு சொன்னாரு."

"அந்தக் கைய நீட்டு."

நீட்டினான். முழங்கை முழுசாக நீளவில்லை. வளைந்தே நின்றது. உட்பக்கம் அவள் விரல் வைத்ததும் பையனின் உதடு வெளுத்தது.

*

ஜூன் கடைசி. நானும் நெல்டாவும் அவர்கள் வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்து தட்டைப்பயறு உரித்துக்கொண்டிருந்தோம். தோலின் சாயம் ஏறி நகக்கண்ணெல்லாம் ஊதா. நிழலில்கூட காற்று ஈரத்துணியைப் போல முகத்தில் ஒட்டியது. கிப் மார்லர் வந்து, கேட்காமலே ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு சோடாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். வெர்லன் தூணில் சாய்ந்து நின்றான். டால்டன் படியில்.

"டாக்டர்கிட்ட நாள் வாங்கியிருக்கேன்," என்றாள் நெல்டா. "வெள்ளிக்கிழம ஸ்கேன் எடுக்கப் போறோம்."

கிப் சோடாவை ஒரு மிடறு குடித்தான். "எடுக்கலாம் மேடம். தாராளமா எடுக்கலாம். கோச்சுங்கெல்லாம் பாக்க வர்ற தேர்வு ஆட்டம் முடியட்டும்."

"வலிக்கிறப்ப எடுக்காம, முடிஞ்சப்புறம் எடுத்து என்ன பண்ண?"

"இதக் கேளுங்க. ஸ்கேன் எடுத்தா அது ஒரு படம். படம்னு ஒண்ணு இருந்தா பெவல் கேப்பாரு. நாம பொய் சொல்ல முடியாது. நான் பொய் சொல்ற ஆளு இல்ல. படமே இல்லன்னா, பொய்யும் இல்ல. படம் எடுக்காத வலிக்குப் பேரே கெடையாது மேடம். எல்லாப் பையனுக்கும் இருக்கிற அசதி, அவ்வளவுதான்."

"ஏன் கிப், உன் வண்டி எஞ்சின்ல சத்தம் வந்தா தொறந்து பாக்காமலே வித்துடுவியா?"

"வித்திருக்கேன்," என்று அவன் சிரித்தான். "ரெண்டு தடவ வித்திருக்கேன்."

 நெல்டா கையிலிருந்த பயற்றங்காயை இரண்டாக ஒடித்தாள்.

"வெர்லன், நீ ஏதாச்சும் பேசு. உன் வாயில என்ன கொழுக்கட்டையா?"

வெர்லன் இருமினான். இருமி முடிக்க நேரமெடுத்தது. "எப்ப அந்த ஆட்டம்?"

"ஜூலை ரெண்டாம் வாரம். பெவல் நேர்ல வர்றாரு. இவனுக்காகவே வர்றாரு," என்றான் கிப். "ஒரே ஒரு நாள். ஒரு இருபது பந்து. வேகம் மட்டும் காட்டினாப் போதும், பலகை மேல விழலன்னாக்கூடப் பரவால்ல. வேகத்தக் கத்துக்குடுக்க முடியாது, மத்ததக் கத்துக்குடுக்கலாம். அவங்க அப்படித்தான் நெனைப்பாங்க. அதுக்கப்புறம் நவம்பர் வரைக்கும் கையத் தூக்கிப் பரண்ல வச்சுக்குங்க."

"அது கழட்டி வைக்கிற கையில்ல. எம் பையனோட சேந்திருக்கு."

"அம்மா," என்றான் டால்டன் படியிலிருந்து. "நான் வீசுறேன்மா. முடியும்."

"நீ சும்மா இரு."

"அவனக் கேக்காம நாம பேசிட்டிருக்கோம்," என்றான் கிப், மிகவும் நியாயஸ்தன் மாதிரி. "கை அவனோடது. அவன் சொல்லட்டும்."

பதினேழு வயதுப் பையனிடம், அப்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அப்படிக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? நான் பயறு உரிப்பதை நிறுத்திவிட்டேன்.  அவன் போன பிறகு வெர்லன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஆட்டத்துக்கப்புறம் பாத்துக்கலாம் நெல்டா."

வெள்ளிக்கிழமை அவர்கள் டாக்டரிடம் போகவில்லை.

*

தேர்வு ஆட்டத்தன்றுதான் கம்பெனி கோழி அள்ள லாரி அனுப்பும் என்று ஆனது. அள்ளும் அன்று வளர்ப்பவன் இல்லாமல் முடியாது. வெர்லன் தங்கிவிட்டான். டால்டனை கிப் முதல் நாளே வண்டியில் கூட்டிப் போய்விட்டான். நெல்டாவை நான் அழைத்துப் போனேன். நெடுஞ்சாலையில் வெயில் தார் மேல் நெளிந்தது.  மடியில் வைத்திருந்த பன்றிக்கறி ரொட்டியை வழியெல்லாம் அவள் பிரிக்கவேயில்லை.

அந்த இடத்தில் எட்டு மைதானங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. புல்லும் நிஜமல்ல, பிளாஸ்டிக். கால் வைத்தால் செருப்புக்கு அடியில் சுட்டது. ஒவ்வொரு மேட்டுக்கும் பின்னால் வலை. வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகளில் அகலத் தொப்பி வைத்த ஆண்கள், கையில் வேகம் பார்க்கும் துப்பாக்கிகளோடு. ஒரு பையன் கையைத் தூக்கியதும் எல்லாத் துப்பாக்கியும் உயரும். பந்து விழுந்ததும் தாழும். எழுதிக்கொள்வார்கள். யாரும் கை தட்டவில்லை. எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன், ஒரு சத்தமும் இல்லாமல் இத்தனை பேர் பார்த்துப் பார்த்ததில்லை.

பெவல் மூன்றாவது நாற்காலியில் இருந்தார். நெல்டாவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். எழுந்திருக்கவில்லை.

நெல்டா முகம் கழுவக் கழிவறைப் பக்கம் போனாள். நானும் கூடப் போனேன். வண்டிகள் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் கிப்பின் வெள்ளை வண்டி, பின்கதவு திறந்து கிடந்தது. டால்டன் அதில் சாய்ந்து நின்று சட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தான். கிப் அவன் இடுப்புக்குக் கீழே ஊசியைக் குத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு குப்பி.

நெல்டா கிட்டே போய்க் குப்பியை எடுத்தாள். அதன் மேல் மாட்டுத் தலை படம். மாடுகளுக்கு வலியும் வீக்கமும் காய்ச்சலும் குறையப் போடும் மருந்து. மூடியைச் சுற்றி நீல நிற ஒட்டுநாடா. அந்த நாடாவை ஒட்டியவளே அவள்தான். போன குளிர்காலத்தில் அவர்கள் பசுவுக்குப் போட்டுவிட்டு, மீதியை ஷெட்டில் பத்திரப்படுத்தியிருந்தாள்.

"இது என் வீட்டு ஷெட்டுல இருந்தது," என்றாள்.

"சும்மா வீக்கம் வத்துறதுக்குத்தான் மேடம்," என்றான் கிப். ஊசியை உருவித் துணியால் துடைத்தான். "ரோடியோவுல காளை மேல ஏறுறவங்க எல்லாரும் போட்டுக்கிறதுதான். ஒண்ணும் ஆகாது."

"உன்ன நான் கேக்கல. டால்டன், யார் குடுத்தா?"

பையன் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டே அவளைப் பார்க்காமல் சொன்னான். "அப்பாகிட்ட நான்தான் கேட்டேன். மொதல்ல மாட்டேன்னாரு. நான் அழுதேன்."

"வண்டியில ஏறு. வீட்டுக்குப் போறோம்."

"முடியாதும்மா."

"ஏறுடா."

"இன்னைக்கு வீசலன்னா பெவல் கோச்சு போயிடுவாரும்மா. எல்லாம் போயிடும். அம்மா, நீ போயி உக்காரு. அங்க எல்லாரும் பாக்குறாங்க. என்ன அசிங்கப்படுத்தாத."

 நெல்டா குப்பியைத் தரையில் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டு நடந்தாள். பின்னாளில் என்னிடம் எத்தனையோ முறை கேட்டாள். "ஆறடி மூணங்குலம் ஓரா. எப்படித் தூக்கிட்டுப் போயிருப்பேன், சொல்லு?" 

டால்டன் மேட்டில் ஏறினான். முதல் பந்து. பழைய சத்தம். பலகை முறிகிற சத்தம். துப்பாக்கியைப் பார்த்த ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டாவது இன்னும் வேகம். பக்கத்து மைதானத்திலிருந்து நாலைந்து பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். பெவல் முன்னால் சாய்ந்தார். பையன் முகத்தில் ஒரு வருஷமாக இல்லாத வெளிச்சம். பந்துகள் பலகைக்கு நேராகவே விழுந்தன.  பொய் சொல்ல மாட்டேன், அந்தச் சில நிமிஷம் கிப் சொன்னதுதான் சரியோ என்றுகூடத் தோன்றியது.

பிறகு ஒரு பந்து கையை விட்டு எங்கோ வேலிப்பக்கம் பறந்தது. கூடவே இன்னொரு சத்தம். ஈரக் குச்சியை முறித்த மாதிரி. டால்டன் முழங்கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முட்டி போட்டான். கத்தவில்லை. தரையைப் பார்த்தபடி அப்படியே இருந்தான்.

துப்பாக்கிகள் தாழ்ந்தன. ஒருவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். ஒருவர் கடிகாரம் பார்த்தார். பிறகு, நாற்காலிகள் மடங்கும் சத்தம். டக், டக், டக் என்று வரிசையாக. பையன் இன்னும் எழுந்திருக்கக்கூட இல்லை, அதற்குள் அவர்கள் நாற்காலிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஐந்தாவது மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே வேறொரு பையன் தயாராகிக்கொண்டிருந்தான். பெவலும் போனார். தண்ணீர்க் குடுவையை மறந்து, திரும்பி வந்து எடுத்தார். அப்போதும் மேட்டின் பக்கம் பார்க்கவில்லை.

கிப் வலையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்து, "மகனே, கொஞ்சம் ஓரமா வந்து உக்காரு. அடுத்தவன் வீசணும்" என்றான்.

நெல்டா சர்ச்சுக்குப் போட்டுக்கொள்ளும் செருப்போடு மைதானத்துக்குள் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. அவனைத் தோளில் சாய்த்து எழுப்பினாள். திரும்பும்போது வலையோரத்தில் நின்று வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை, வெறும் பித்தம். அடுத்த பையனின் அப்பா தன் பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

*

தசைநார் முழுசாக அறுந்திருந்தது. மணிக்கட்டிலிருந்து ஒரு நாரை எடுத்து முழங்கையில் கட்ட வேண்டும், வருஷத்துக்கு மேல் ஆகும் என்றார் டாக்டர். பெவல் போன் செய்தார். குரலில் தேன். டாக்கெட் குடும்பத்துக்காகத் தன் வீட்டில் ஜெபம் செய்வதாகச் சொன்னார். அப்புறம், அணி வேறு பக்கம் போக முடிவு செய்திருப்பதாக, அதாவது அந்த இடம் இனி டால்டனுக்கு இல்லை என்று, சொன்னார்.

"குடும்பம்னீங்களே கோச்சு," என்றாள் நெல்டா.

"அது மாறாதும்மா. நீங்க எப்பவும் எங்க குடும்பம்தான்," என்றார் அவர்.

நெல்டா போனை வைத்துவிட்டு அந்தப் போனையே சோப்பு போட்டுக் கழுவினாள். நான் பார்த்தேன்.

வெர்லனோடு அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நல்லது. அவன் பக்கத்தில் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் நான் இருக்கும்போதே அவன் பேசினான். புதுக் குஞ்சுகள் இறக்கியிருந்தார்கள், உமித்தூள் படிந்த சட்டையோடு வாசலில் நின்றான்.

"எவ்வளவு நாளைக்குடி இப்படி?"

"தெரியல."

"அவன் எங்கால்ல விழுந்து அழுதான் நெல்டா. என்னால பாத்துட்டிருக்க முடியல."

"நம்ம பசுவுக்குப் போடும்போது எத்தன தடவ லேபிளப் படிச்ச? எடை பாத்துப் போடணும்னு கத்தினியே. இவனுக்கு எடை பாத்தியா?"

அவன் சட்டையில் ஒட்டிய உமியைத் தட்டினான்.

"உன் மேல கோவம் இல்ல வெர்லன். கோவம்னா ஆறிடும். உன்னப் பாத்தா குமட்டுது. என்னப் பாத்தாலும் குமட்டுது. நானும்தானே போய் உக்காந்து பாத்தேன். மூணாவது பந்துக்கு நான் கை தட்டினேன். தெரியுமா உனக்கு? கை தட்டினேன்."

வெர்லன் படியில் உட்கார்ந்தான். இருமல் வந்தது. இந்தத் தடவை இருமலோடு அழுகையும் வந்தது. நான் எழுந்து என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அறுவை சிகிச்சை முடிந்து, டால்டன் ஒரு கையால் தீவனக் குழாய்களைத் திறந்து மூடக் கற்றுக்கொண்டான். வெர்லன் அவனை உள்ளே வராதே என்று சொல்வதை விட்டுவிட்டான்.

*

அக்டோபர் வாக்கில் கிப் மார்லர் மறுபடி வந்தான். தனியாக வரவில்லை. அவன் வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டி. பக்கத்து மாவட்டத்துக் குடும்பம். அப்பா பிரென்ட், அம்மா மிஸ்டி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் ஜேஸ். அவனும் இடது கைக்காரனாம். கிப்பின் அணியில் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே அவனிடம் ஆடிய ஒரு பையனைக் கேட்டுப் பார்க்காமல் சேர்க்க மாட்டேன் என்று மிஸ்டி சொன்னாளாம். அதற்குக் கிப் கூட்டிவந்த இடம் இது.

அந்தத் தைரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. ஆனால் அவன் மனசில் அது தைரியமே இல்லை. அவனைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை.

நெல்டா உள்ளே விட்டாள். ஏன் விட்டாள் என்று நான் அப்போது புரியாமல் பார்த்தேன். எல்லோரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிரென்ட் வண்டிச் சாவியை மேசையில் வைத்தான். நெல்டா காபிகூட ஊற்றவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"டால்டன், இவங்ககிட்ட நம்ம அனுபவத்தச் சொல்லு மகனே," என்றான் கிப். "நான் உன்ன எப்படிப் பாத்துக்கிட்டேன்னு சொல்லு."

டால்டன் கையைக் கட்டும் பட்டையோடு உட்கார்ந்திருந்தான். யாரையும் திட்டவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னான். வலி எப்போது வந்தது, ஸ்கேன் எடுக்க வேண்டாமென்றது, மாட்டு மருந்து. "நான்தான் கேட்டேன் சார். ஆனா இவர் கேட்டா குடுப்பாரு. யார் கேட்டாலும் குடுப்பாரு. அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

கிப் சலிக்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தான். "நேர்மையான பையன். பாத்தீங்களா? என் பசங்கள நான் இப்படித்தான் வளக்கிறேன்."

பிரென்ட் முன்னால் சாய்ந்தான். அவன் கண் டால்டனின் கைக்கட்டின் மேல் இல்லை, முகத்தின் மேல்.

"அன்னைக்கு எவ்வளவு வேகம் காட்டுச்சு?"

 அந்த எண் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் வாழ்க்கையிலேயே அதிக வேகம் அதுதான். டால்டன் ஒரு கணம் வாயைத் திறந்தான். உள்ளே இருந்து அது எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன், அந்தப் பெருமை. பிறகு வாயை மூடிக்கொண்டான்.

"தெரியல சார்."

பிரென்ட் வெர்லன் பக்கம் திரும்பினான்.

"நான் அங்க போகல," என்றான் வெர்லன். "நான் கோழி அள்ளிட்டிருந்தேன்."

"தொண்ணூத்தஞ்சு மைல்," என்றான் கிப். "ரெண்டு துப்பாக்கியில தொண்ணூத்தாறும் காட்டுச்சு."

பிரென்ட் மெல்ல விசிலடித்தான். தன் மகனைப் பார்த்தான்.

மிஸ்டி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். மருத்துவமனை உடுப்பில் இருந்தாள், வேலை முடிந்து நேராக வந்திருப்பாள் போல. டால்டனை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

"அன்னைக்கு வலிச்சுதாப்பா?"

"இல்ல மேடம். மொத பந்துலேருந்து கொஞ்சங்கூட வலிக்கல. ஒண்ணுமே தெரியல. அறுந்ததுகூடச் சத்தத்த வச்சுத்தான் தெரிஞ்சுது."

"கேட்டீங்கல்ல," என்றான் கிப், பல்லெல்லாம் தெரிய. "வலிக்கவே இல்லங்கிறான்."

மிஸ்டி அவனைப் பார்த்தாள். அரிசியில் புழுவைக் கண்டவள் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. எழுந்தாள். மேசையில் கிடந்த வண்டிச் சாவியை எடுத்தாள். மகனின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பற்றினாள்.

"எந்திரி ஜேஸ்."

"ஏய், எங்க போற? பேசிட்டுத்தானே இருக்கோம்," என்றான் பிரென்ட்.

அவள் திரும்பவில்லை. வலைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வாசலில் வண்டி உறுமியது. சரளைக்கல் தெறிக்கிற சத்தம், பிறகு சாலையில் ஏறிப் போகிற சத்தம். பிரென்ட் பாதி எழுந்த நிலையில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கிப்பின் சிரிப்பு மட்டும் முகத்திலேயே தங்கிவிட்டது, எங்கே வைப்பது என்று தெரியாமல்.

வெர்லன் எழுந்துபோய் வலைக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.  பிடித்தபடி நின்றான்.

நெல்டா சுவரிலிருந்து நகர்ந்து கிப் பக்கத்தில் வந்தாள்.

"உன் வண்டியில ஒரு ஆளுக்கு எடம் இருக்குமே கிப்," என்றாள். "இந்த ஆளக் கூட்டிட்டுப் போ. வழியில கேப்பாரு, எவ்வளவு வேகம்னு. நல்லா வெவரமாச் சொல்லு."